கந்தரோடைச் செப்புக் கோலும் எங்கள் வீட்டு மையும்

சுன்னாகம் சந்தையிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தாற் கந்தரோடையை அடையலாம். செம்மண் தோட்டங்களும் பனைகளும் கோயில்களும் நிறைந்த ஊர் அது. அவ்வூர் மண்ணின் கீழே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைய ஊரொன்று புதைந்து கிடக்கின்றது என்பதை நம்மவர் யாவரும் கேள்விப்பட்டிருப்பர். ஆயின் அம்மண்ணில் அகப்பட்ட பொருள்களுள் கண்ணுக்கு மை தீட்டும் கோல்களை ஒத்தனவும் இருந்தன என்பதை அறிந்தோர் சிலரே.

சரித்திரம் என்றவுடன் மன்னரையும் போரையும் நினைப்பது நம் வழக்கம். தொட்டிலுக்கும் அடுப்படிக்கும் அருகில் வளர்ந்த சரித்திரமும் ஒன்று உண்டு. அதனை எழுதி வைத்தவர் இலர். கையாற் செய்து காட்டியே தாய் மகளுக்குக் கொடுத்து வந்தாள். வீட்டிலே மை கூட்டும் முறை அத்தகைய சரித்திரத்தின் ஒரு பகுதி. அது நம் கண்முன்னேயே மறைந்து வருகின்றது. மறையுமுன் அதைப் பற்றி உண்மையானவற்றை உள்ளபடி பதிந்து வைத்தல் இச்சங்கத்தார்க்குத் தகும் என்ற எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கந்தரோடையிற் கண்டவை

இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்தவரும் சரித்திர ஆராய்ச்சியாளருமாகிய போல் ஈ. பீரிஸ் என்பார் கந்தரோடையை ஆராய்ந்து, தாம் கண்டவற்றை றோயல் ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1917 ஆம் ஆண்டிலும் 1919 ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். சிறு தூபிகள், முத்திரை குத்திய பழங்காசுகள், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகள், உரோம நாணயங்கள், மணிகள் எனப் பலவற்றை அவர் குறிப்பிட்டார். அவற்றோடு செப்புக் கோல்கள் சிலவும் கிடைத்தன. அவற்றைக் கண்ட பீரிஸ், எகிப்து தேசத்தார் கி. மு. 2000 அளவில் வெயிலின் கூச்சத்தைத் தடுப்பதற்காகக் கண்ணைச் சுற்றிக் கரிய அஞ்சனம் தீட்டப் பயன்படுத்திய கோல்களை அவை பெரிதும் ஒத்திருக்கின்றன என்று எழுதினார்.

பின்னர் 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்து அரும்பொருட் சாலையார் அங்கு முறையான அகழ்வு நடத்தினர். கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் முதலியன அடுக்கடுக்காகக் கிடைத்தன. கிறிஸ்து சகாப்தம் தொடங்குவதற்குச் சில நூற்றாண்டுகளின் முன்னரே அங்கு மக்கள் ஊர் அமைத்து வாழ்ந்தனர் என்பது அதனால் உறுதிப்பட்டது. தென்னிந்தியாவின் பழைய ஊர்களிற் காணப்படும் மட்பாண்டங்களும் கந்தரோடைப் பாண்டங்களும் ஓரினத்தன என்பதும் தெளிவாயிற்று.

ஒப்புமை வேறு, உறவு வேறு

பீரிஸ் எழுதிய அந்த ஒரு குறிப்பை மேடைகளிற் பேசுவோர் சிலர், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தார் எகிப்தியரோடு வாணிகஞ் செய்தனர் என்பதற்குச் சான்றாக எடுத்தாளுவதுண்டு. இதனை நாம் நிதானித்துப் பார்த்தல் வேண்டும். பீரிஸ் கூறியது தோற்ற ஒப்புமை மட்டுமே. மை தீட்டுவதற்குரிய கோல் எந்நாட்டிற் செய்தாலும் மெல்லியதாயும் வழுவழுப்பாயும் நுனி மழுங்கியதாயுமே இருக்கவேண்டும். இல்லையேற் கண் கெடும். ஆகையால் ஒரே தேவைக்கு ஒரே வடிவம் பல தேசங்களில் தனித்தனியே தோன்றுதல் இயல்பு.

எகிப்துவரை செல்லாமலே நம் கோல்களுக்கு உறவு காணலாம். சிந்துவெளியில் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் செப்பாலாகிய மைக்கோல்கள் கிடைத்தன. தட்சசீலத்து அகழ்விலும் கிடைத்தன. தமிழ்நாட்டுப் பழைய ஊர்களிலும் இத்தகைய கோல்கள் அகப்பட்டிருக்கின்றன. பாரத நாடு முழுதும் பரந்திருந்த வழக்கமொன்றில் நம் கந்தரோடைப் பெண்களும் பங்குகொண்டனர் என்று கொள்வதே பொருத்தம். இஃது எகிப்துக் கதையினும் சிறியதன்று. கடல் கடந்து வந்த பெருமை நமக்கு வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலிருந்த பெருமையே போதும்.

இலக்கியத்தில் மை

மண்ணிற் கிடைத்த கோலுக்கு உரை சொல்வது நம் இலக்கியம். பழைய தமிழ்ச் செய்யுள்களில் மை தீட்டிய கண்ணை ‘உண்கண்’ என்பர். மையை உண்ட கண் என்பது பொருள். அத்துணை வழக்கமான ஒன்றாகையால் அச்சொல்லுக்கு விளக்கமே அக்காலத்தில் வேண்டியிருக்கவில்லை.

திருவள்ளுவர் காமத்துப்பாலில் இரண்டிடத்தில் இந்த மையை எடுத்தாளுகின்றார். 1285 ஆம் குறளில், மை தீட்டும்போது கோல் கண்ணுக்கு மிக அணித்தாய் வந்தும் கண் அதனைக் காணாதவாறு போல, கணவர் அருகில் வந்தபோது அவர் குற்றம் எனக்குத் தோன்றுவதில்லை என்கிறாள் தலைவி. தன் கையாற் கோலெடுத்து மை எழுதியவர்க்கே தோன்றும் உவமை இது. 1127 ஆம் குறளிலோ, காதலர் என் கண்ணுள்ளே இருக்கின்றார். மை எழுதினால் அந்நேரம் அவர் மறைந்துபோவார் என்றஞ்சி எழுதாமலிருக்கின்றேன் என்கிறாள்.

சிலப்பதிகாரத்திலே, கோவலனைப் பிரிந்த கண்ணகியின் நிலையைச் சொல்லவந்த இளங்கோவடிகள், அவள் கண் அஞ்சனத்தை மறந்தது என்று ஒரு குறிப்பால் உணர்த்துகின்றார். கந்தரோடை அங்கணாமைக்கடவையிற் கண்ணகைக்குக் கோயில் எடுத்து வணங்கும் நமக்கு இக்குறிப்புத் தனியே மனத்திற் படுவதாகும். ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலும், மார்கழி நோன்பு நோற்கும் சிறுமியர் நெய்யையும் பாலையும் விடுவதோடு கண்ணுக்கு மையிடுதலையும் தலையிற் பூ முடித்தலையும் விட்டுவிடுகின்றனர்.

இவற்றுள் ஓர் ஒற்றுமை உண்டு. 1127 ஆம் குறளிலும் சிலம்பிலும் திருப்பாவையிலும் மை இட்ட செய்தியன்று, இடாத செய்தியே பேசப்படுகின்றது. இடாமை இவ்வளவு பொருள் பெறுமாயின், இடுதல் நாள்தோறும் நிகழ்ந்த சாதாரணச் செய்கையாய் இருந்திருத்தல் வேண்டும். சோறு உண்ணாமை துயரத்தைக் காட்டுவது போல மை எழுதாமையும் காட்டிற்று.

கண்ணுக்கும் ஏட்டுக்கும் ஒரு மை

மையைக் கண்ணில் ‘எழுதுதல்’ என்று சொல்வதை வாசகர் கவனித்திருப்பர். எழுத்தையும் எழுதுகின்றோம், கண்ணையும் எழுதுகின்றோம். மை என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது. இது வெறுஞ் சொல்லொற்றுமையன்று, பொருளும் ஒன்றே. எழுத்தாணியால் ஓலையிற் கீறிய எழுத்துக்கு நிறமில்லை. விளக்குக் கரியை எண்ணெயோடாவது பச்சிலைச் சாற்றோடாவது குழைத்து ஓலைமேல் தடவித் துடைத்தபோதுதான் கீறலில் கருமை தங்கி எழுத்துத் துலங்கிற்று. புதுச் சுவடிக்கு மை தடவிப் பிள்ளை கையிற் கொடுப்பதை மையாடல் என்று ஒரு மங்கல நிகழ்ச்சியாகவே முன்னோர் கொண்டாடினர்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றுவதற்குத் தேடியெடுத்தவை இத்தகைய கரி பூசிய ஏடுகளே. நம் சுன்னாகத்து அ. குமாரசுவாமிப் புலவர் அவர்கள் (1854–1922) வாழ்நாளெல்லாம் கண்வருந்தி வாசித்தவையும் அவையே. தாயின் விளக்கில் எடுத்த கரி பிள்ளையின் கண்ணுக்கும் ஆயிற்று; தமிழின் கண்ணுக்கும் ஆயிற்று.

வீட்டில் மை கூட்டிய முறை

இனி நம் மூதாட்டியர் மை கூட்டிய முறையைச் சொல்வோம். வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடு உண்டாயினும் அடிப்படை ஒன்றே.

நன்றாகத் துவைத்து உலர்த்திய பழைய வெள்ளைப் பருத்திச் சீலைத் துண்டொன்றை எடுப்பர். கையாந்தகரை இலையை இடித்துப் பிழிந்த சாற்றிலே அதனைத் தோய்த்து நிழலில் உலர்த்துவர். கையாந்தகரையைத் தமிழ்நாட்டார் கரிசலாங்கண்ணி என்பர். சிலர் பொன்னாங்காணிச் சாறும், சிலர் நந்தியாவட்டைப் பூச்சாறும் சேர்ப்பர். தோய்ப்பதும் உலர்த்துவதும் பன்முறை நடக்கும். வெயிலிற் போட்டால் சாற்றின் குணம் போய்விடும் என்பது அவர்கள் கொள்கை.

பின்பு அத்துணியைத் திரியாகத் திரித்து, மண் சிட்டியில் ஆமணக்கெண்ணெய் அல்லது பசுநெய் விட்டு ஏற்றுவர். இருபுறமும் செங்கல் வைத்து, அவற்றின்மேல் புது மண் சட்டியையோ பித்தளைத் தட்டத்தையோ சுடருக்கு மேலே வரும்படி கவிழ்ப்பர். சட்டி சுடரை மிக நெருங்கினால் விளக்கு அணையும். மிக விலகினால் கரி காற்றோடு போய்விடும். சுடரின் நுனி பட்டும் படாமலும் இருக்குமாறு நிறுத்துவதே கைப்பக்குவம். காற்றுப் புகாத அறையில், இரவிலே, எல்லோரும் படுத்த பின் இது நடக்கும். விடிந்தபின் சட்டியின் உட்புறத்திற் பட்டுப் போன்ற கரி படிந்திருக்கும். இறகினாலோ வெற்றிலைக் காம்பினாலோ அதனை மெல்ல வழித்தெடுத்து, நெய்யிலாவது ஆமணக்கெண்ணெயிலாவது விரலாற் குழைத்துச் சிமிழில் அடைப்பர். ஓர் இரவு முழுதும் விளக்கெரித்தும் தேறுவது சிறிதளவே. ஆகையால் மைச்சிமிழை மிகுந்த செட்டோடு வைத்திருப்பர்.

இதன் காரணமும் அறியத்தக்கது. எண்ணெய் எரியும்போது போதிய காற்று இருந்தால் அதிலுள்ள கரி முழுதும் எரிந்து புலப்படாத வாயுவாகும். மேலே கவிழ்த்த சட்டி காற்றைச் சிறிது தடுக்கின்றது. சுடரைக் குளிரவும் செய்கின்றது. அதனால் எரியாத கரி மிக நுண்ணிய துகளாகச் சட்டியில் ஒட்டுகின்றது. துகள் நுண்ணிதாயிருப்பதாலேயே மை அரைக்காமலே வழுவழுப்பாகின்றது.

பிள்ளைக்குப் பொட்டிடுவதற்கு வேறொரு முறை உண்டு. சவ்வரிசியைச் சட்டியிலிட்டுக் கருக வறுத்து, நீர் விட்டுக் காய்ச்சிப் பசையாக்கிச் சிரட்டையில் ஊற்றி உலரவிடுவர். வேண்டும்போது ஒரு துளி நீர் விட்டுத் தேய்த்தால் மை ஊறும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிள்ளைக்கு நெற்றியிலும் கன்னத்திலும் இடும் கறுத்தப் பொட்டு இதுவே. நாவூறு படாதிருக்கவே இதனை இட்டனர்.

நம் வைத்தியமும் அஞ்சனத்தை ஏற்றுக்கொண்டது. கண்ணோய் தொண்ணூற்றாறு என்று வகுத்த சித்த வைத்தியர், கண்ணுக்கு இடும் மையையும் கலிக்கத்தையும் மருந்து வகைகளிற் சேர்த்தனர். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி மூன்று நாளைக்கு ஒருமுறை விழிக்கு அஞ்சனம் இடச் சொல்கின்றது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்தை அயலூராகிய ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தேடிப் பதிப்பித்தமையால் அத்தகைய அறிவு ஏட்டோடு அழியாமல் நமக்குக் கிடைத்தது. பெண்டிர் கைமுறைக்கோ அத்தகைய பதிப்பாசிரியர் எவரும் வாய்க்கவில்லை.

கரி மையும் கல் மையும்

மை என்ற ஒரு பெயரால் இரு வேறு பொருள்கள் வழங்கிவருகின்றன என்பதை இளைஞர் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்று, மேலே சொன்ன விளக்குக் கரி மை. மற்றொன்று, கல்லை அரைத்துச் செய்யும் மை.

எகிப்தியர் தீட்டியது பெரும்பாலும் கல் மையே. முற்காலத்தில் பச்சைச் செப்புக் கல்லையும், பின்னர் கரிய ஈயக் கல்லையும் அரைத்தனர். அவ்வீயக் கல் ஈயமும் கந்தகமும் சேர்ந்தது. அறபு மக்கள் அதனைக் ‘குஹ்ல்’ என்றனர். மிக நுண்ணிய பொடி என்ற கருத்திலிருந்து பொருள் விரிந்து, ‘அற்ககோல்’ என்று இன்று வழங்கும் சாராயப் பொருளின் பெயரும் அச்சொல்லிலிருந்தே பிறந்தது. வடநாட்டிலும் முஸ்லிம் மக்களிடையும் வழங்கும் சுருமாவும் கல் மையே. அது அந்திமனி என்னும் வேறொரு உலோகக் கல்லால் ஆனது என்று பலர் எண்ணினும், சோதித்துப் பார்த்தபோது பலவற்றில் ஈயக் கல்லே இருந்தது.

பிரெஞ்சு இரசாயன அறிஞர் சிலர் எகிப்திய மைகளை ஆராய்ந்து, அவற்றிலுள்ள சில ஈய உப்புக்கள் மிகச் சிறிய அளவிற் கண்ணின் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயின் அதனை நம்பி ஈய மையைப் பூசலாகாது. ஈயம் உடம்பிற் சேர்ந்துவிடும் நஞ்சு. கண்ணீரோடும், கண்ணைத் தேய்த்த விரலை வாயில் வைப்பதாலும் குழந்தையின் இரத்தத்திற் கலந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தாற் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. சுருமா, காஜல் முதலிய பெயரால் வரும் இவ்வகை மைகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் நாட்டில் அனுமதிப்பதில்லை.

நம் வீட்டுக் கரி மையில் ஈயக் கல் சேர்வதில்லை. அதனால் அது கல் மையினும் நல்லதே. ஆயினும் அதனைக் கண்ணின் உள்ளே இடலாம் என்று இன்றைய கண் வைத்தியர் சொல்வதில்லை. எவ்வளவு நுண்ணிதாயினும் கரி கண்ணுக்கு அந்நியப் பொருள். குழந்தையின் இமையை விரித்து விரலால் மை தேய்க்கும்போது விரலிலுள்ள அழுக்கும் கிருமியும் உட்புகும். பழைய எண்ணெயிற் குழைத்த மையும் கெட்டுப்போகும். ‘நாங்கள் எல்லோரும் மையிட்டே வளர்ந்தோம், எங்கள் கண்ணுக்கு என்ன வந்தது?’ என்று பெரியோர் கேட்பர். அவர்கள் கேள்வியில் நியாயமில்லாமற் போகவில்லை. ஆயினும் கண் சிவந்து, பீளை தள்ளி வருந்திய பிள்ளைகளின் கணக்கை அக்காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லையே.

மறைந்த வகை

இம்முறை ஒரே நாளில் மறைந்ததன்று. கடையில் டப்பியில் அடைத்த மை வந்தபோது இரவெல்லாம் விளக்கெரிக்கும் தேவை நீங்கிற்று. மின்சாரம் வந்தபோது விளக்கே நீங்கிற்று. வீட்டு வேலியோரத்திற் கையாந்தகரை இது, பொன்னாங்காணி இது என்று சுட்டிக் காட்டும் பழக்கமும் குறைந்தது. இவை எந்த ஊரிலும் நிகழ்வன.

நமக்கு நேர்ந்தது அதனினும் பெரிது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் தேதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். கையில் எடுத்தது பிள்ளையும் பத்திரமும் மாற்றுடுப்புமே. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர் பலர்க்குக் கூரையும் இல்லை, நிலையும் இல்லை. பரம்பரையாய் இருந்த குத்துவிளக்கும் தட்டமும் சிமிழும் போன வீடுகள் பல. பொருள் போனபோது அதனோடு சேர்ந்த செய்கையும் போயிற்று. திரும்பி வராது பிற தேசம் சென்றவரோடு கைமுறை அறிந்த பாட்டிமாரும் சென்றனர். கந்தரோடைக் கோல் இரண்டாயிரம் ஆண்டு மண்ணிற் கிடந்தும் நம்மை வந்தடைந்தது. நம் பாட்டியின் சிமிழ் முப்பது ஆண்டுக்குள் காணாமற் போயிற்று.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, உங்கள் வீட்டிலும் அயலிலும் மை கூட்டத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், இவ்வாண்டுக்குள் அவரிடம் சென்று கேட்டு எழுதுங்கள். எந்தத் துணி, எந்த இலை, எந்த எண்ணெய், எத்தனை முறை தோய்த்தல், அதனை அவர் என்ன பெயரால் அழைத்தார், யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் சொன்ன சொல்லாலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டா.

இரண்டாவது, பழைய மைச்சிமிழோ கோலோ வைத்திருப்போர் அதனைப் பழைய பித்தளையென்று நிறுத்து விற்றுவிடாதிருக்கவேண்டும். வைத்திருக்க இயலாதவர் நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையாரிடமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரிடமோ கேட்டு ஒப்படைக்கலாம். கந்தரோடையிலும் சுற்றூர்களிலும் கிணறு வெட்டும்போதும் தோட்டம் கொத்தும்போதும் பழம்பொருள் அகப்பட்டால் அதனை மறைத்து விற்பது 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இடத்தை விட்டு எடுத்த பொருள் பாதி ஊமை. எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்று தெரிந்தாற்றான் அது சரித்திரம் பேசும்.

மூன்றாவது, மையைக் கூட்டப் பழகுவோர் பழகுங்கள். கையால் ஒருமுறை செய்து பார்த்தாலன்றி 1285 ஆம் குறளின் சுவை முழுதும் விளங்காது. ஆயின் கூட்டிய மையைக் குழந்தையின் கண்ணுள் இடாது நெற்றியிலும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டாக இடுங்கள். நாவூற்றுக்குப் பொட்டே போதும் என்று நம் முன்னோரும் கொண்டனர். எதிற் செய்தது என்று தெரியாத சுருமாவை எவர் பரிசாகக் கொடுத்தாலும் பிள்ளைக்குப் பூசாதீர்கள்.

பழையதென்ற காரணத்தால் எதையும் வணங்குவதும், பழையதென்ற காரணத்தால் எதையும் எறிவதும் அறிவுடையார் செயலல்ல. முன்னோர் செய்ததன் கருத்தை அறிந்து, காக்கத்தக்கதைக் காத்து, விடத்தக்கதை விடுதலே பண்பாடு. சுன்னாகத்து இளைஞர் இதனைத் தம் வீட்டு முதியோரிடமிருந்தே தொடங்குவாராக.